எஸ்தர் அக்கா கதையில் நான் சொல்லாமல் விட்டது

1

எங்கள் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்து பதினோரு நாளாகிறது. ஜனவரி விடுப்பில் திருப்பூர் போயிருந்தபோது அங்கே நர்ஸ்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். அதைப் பற்றி மாத இதழுக்கு இருநூறு சொற்களில் எழுதித் தர வேண்டுமாம். கூடவே ஒரு படிவம். எத்தனை பேர் பயனடைந்தார்கள், கற்றுக்கொண்ட பாடங்கள் என்னென்ன, மூன்றுக்கு மேல் போகக் கூடாது. எல்லோரும் சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றும் வேண்டும்.

படம் இருக்கிறது. நான்தான் நடுவில் நிற்கிறேன், கழுத்தில் மாலையோடு. அந்த இருநூறு சொற்கள்தான் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரைத் திறப்பேன், முதல் வரியை அடிப்பேன், அழிப்பேன். ஆங்கிலத்தில் எழுத முடியாததைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று இன்று உட்கார்ந்தேன். இதழுக்கு அல்ல, ஊரில் இருக்கும் உங்களுக்கு. இதில் பாதி உங்கள் ஊரில் நடந்தது. உங்களில் சிலருக்கு அந்த ஆஸ்பத்திரியும் தெரிந்திருக்கும், பெயர் சொல்லப்போவதில்லை.

என் பெயர் கந்தவேல். சேவூர்ப் பக்கம். முருகனைத் தவிர வேறு பேச்சில்லாத தறிக்காரக் குடும்பம். அப்பா பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டிங் மாஸ்டராகப் போனார். நான் நர்ஸிங் படித்தேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில் அப்பா "பையன் ஆஸ்பத்திரியில இருக்கறானுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். டாக்டர் என்று நினைத்துக் காபி கொடுத்தவர்கள் உண்டு.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊருக்கு வந்து பதினேழு வருடம். வந்த முதல் வாரமே என் பெயரில் பாதியை வெட்டி, மீதி 'வேல்' என்பதையும் 'வால்' ஆக்கிச் சட்டையில் குத்திவிட்டார்கள். இங்கே அது பெண்கள் பெயர். திரை விலக்கி நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நோயாளிகள் எனக்குப் பின்னால் ஓர் அம்மாளைத் தேடுவார்கள்.

2

மரணத்தை நெருங்கியவர்களின் வார்டில் வேலை. அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு. அதில் ஏழாவது பக்கத்தில் மதம், நம்பிக்கை, மனத்தேவைகள் என்று மூன்று கட்டங்கள். முதல் நான்கு வருடம் நான் அந்த மூன்றிலும் 'இல்லை' என்று போட்டேன். யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கடும் நோயாளிகளின் மனதையும் நம்பிக்கையையும் கவனிக்க நர்ஸ்கள் எல்லோரும் பயிற்சி எடுத்தாக வேண்டும். இரண்டு நாள் வகுப்பு. 'உங்கள் மனம் அமைதியாக இருக்கிறதா' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாளே ஒரு கிழவரிடம் போய்க் கேட்டேன். அமைதிக்கு இங்கே 'பீஸ்' என்பார்கள். என் வாயில் அது பட்டாணி என்று விழுந்திருக்கிறது. கிழவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு, "வேண்டாம் தம்பி, கேரட் போதும்" என்றார். வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்த சிரிப்பில், இறந்துபோன மனைவியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நான் ஒன்றும் செய்யவில்லை, உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது. மேலே மேலே படித்தேன். இப்போது புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான்தான் வகுப்பு எடுக்கிறேன்.

வகுப்பை எப்போதும் ஒரு கதையோடு தொடங்குவேன். என் ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. தொண்டைப் புற்று வந்த ஒருவர், குரல் போய்விட்டது, முருக பக்தர். அங்கே ஒரு கிறிஸ்தவ நர்ஸ். சாகக் கிடந்தவர் தன் சாமிப் பாட்டைத் தானே ஒரு அட்டையில் எழுதி அவளிடம் நீட்டுகிறார். அவள் அவர் தலையில் கை வைத்து அதைப் படித்துக் காட்டுகிறாள். படித்து முடிக்கும்போது அவர் முகம் தெளிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நிறுத்துவேன். வகுப்பில் யாராவது ஒருவர் கண்ணைத் துடைப்பார்கள். ஒருமுறை ஒரு பெண், "நீங்கள் அப்போது பக்கத்தில் இருந்தீர்களா" என்று கேட்டாள். "இருந்தேன்" என்றேன். பொய் இல்லை.

எத்தனையோ வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அதன் மீதியை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

3

பொங்கலுக்கு என் மகள் நிலாவும் நானும் மட்டும் ஊருக்குப் போனோம். அவளுக்குப் பதினாறு. தமிழ் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள். நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி இப்போது ஐந்து மாடி. பழைய டாக்டரின் மருமகள்தான் நிர்வாகம். கடும் நோயாளிகளுக்கென்று தனி வார்டு திறக்கிறார்களாம், என் வேலையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஒரு நாள் வந்து எங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க சார்" என்றார் போனில். மறுத்திருக்க வேண்டும். பெருமை விடவில்லை. எந்த வாசல் வழியாக அனுபவச் சான்றிதழோடு வெளியேறினேனோ, அதே வாசலில் என் பெயர் போட்ட பேனர்.

இருபத்திரண்டு நர்ஸ்கள். பாதிப் பேர் தென்மாவட்டத்துப் பெண்கள், பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பெண்ணும் இருந்தாள். வார்டில் இந்திக்கார நோயாளிகள் அதிகமாம். நிலா கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வார்டு ஆயா ருக்மணியக்கா. என் காலத்திலேயே இருந்தவர், ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தான். சும்மா கேட்கட்டும் என்று உட்கார வைத்திருந்தார்கள்.

"இன்றைய தலைப்பு ஆன்மீகப் பராமரிப்பு" என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன கண்ணு?"

"இல்லீங்க சார், அப்படின்னா சாமி ரூமைக் கூட்டித் தொடைக்கறதுங்களான்னு இவ கேக்கறா."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்ல தொடக்கம் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில் வழக்கமான கதைக்குள் போய்விட்டேன். யோசிக்கவே இல்லை. 'என் ஊரில்' என்பதை மட்டும் 'ஒரு ஊரில்' என்று மாற்றினேன். அட்டை, பாட்டு, தலையில் வைத்த கை, தெளிந்த முகம். நிறுத்தினேன்.

பின்னாலிருந்து ருக்மணியக்காவின் குரல் கேட்டது.

"அது நம்ம எஸ்தர் சிஸ்டருங்க."

எல்லோரும் திரும்பினார்கள்.

"இங்க, இதே ஆஸ்பத்திரியிலதானுங்க. அந்தப் பொண்ணை அன்னிக்குப் பொழுதுக்குள்ளயே அனுப்பிச்சுட்டாங்களே. மதம் மாத்தறான்னு ஆரோ எழுதிக் குடுத்துட்டாங்க. அதையுஞ் சொல்லுங்க சார் இந்தப் புள்ளைகளுக்கு."

முன்வரிசைப் பெண் கை தூக்கினாள். "அப்ப நாங்க செஞ்சாலும் கம்ப்ளைன்ட் வருமுங்களா சார்?"

"அது வேற காலம்மா" என்றேன். திரையில் அடுத்த படத்துக்குப் போகும் பட்டனை அழுத்தினேன். அது நகரவில்லை. இரண்டு முறை அழுத்தினேன். நிமிர்ந்தபோது நிலா போனைத் தாழ்த்திவிட்டு வெறும் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் மாலை போட்டார்கள். சிரித்தபடி நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

4

திரும்பி வரும்போது ஆட்டோவில் நிலா கேட்டாள். "அப்பா, அந்த நர்ஸை யார் ரிப்போர்ட் பண்ணினா?"

கழுத்தில் இன்னும் கிடந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகு, "எனக்கு வெக்கமா இருக்கு கண்ணு" என்றேன்.

"ஷையா? எதுக்கு?"

வெட்கம் என்றால் கல்யாணப் பெண் தலை குனிவது என்றுதான் அவளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். மற்ற வெட்கத்தைச் சொல்லித்தர வீட்டில் சந்தர்ப்பம் வரவில்லை. அதன் ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. மீதியையும் சொன்னேன். உலகத்தில் இதை முதலில் கேட்டவள் அவள்தான்.

எஸ்தர் அக்கா சாத்தான்குளத்துப் பக்கம். கணவருக்குத் தையல் வேலை, பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவர், வேலையில் என்னைவிடக் கெட்டி. அந்த வருடம் ஐ.சி.யூ.வுக்கு ஒரு பொறுப்பு நர்ஸ் போடப்போவதாகப் பேச்சு. அது அவருக்குத்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு வெளிநாட்டு விண்ணப்பம் போயிருந்தது. சான்றிதழில் 'பொறுப்பு' என்ற ஒரு சொல் இருந்தால் போதும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான்.

நோயாளியின் பெயர் பழனிச்சாமி. குரல்வளையில் புற்று, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தது. பேச முடியாது. பனியனுக்குள் மடிப்பு கலையாமல் இருக்க வைப்பார்களே வெள்ளை அட்டை, அதில் ஒரு கட்டு தலைமாட்டில் இருக்கும். அதில் எழுதித்தான் எதையும் கேட்பார். அவர் மகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். மகன் ஒருவர் உண்டு, மூர்த்தி. வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டவர், அப்பாவுக்கும் அவருக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. தினமும் மாலையில் வந்து லிஃப்ட் பக்கத்தில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

ஒரு நாள் மதியம் மூன்று மணி இருக்கும். திரை இடுக்கில் பார்த்தேன். எஸ்தர் அக்கா பழனிச்சாமி தலையில் கை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட முழு உண்மையா என்று தெரியவில்லை, நினைக்க விரும்பினேன். அப்போது ஊரில் மதமாற்றம் என்று ஏதோ சலசலப்பு. அப்படி எதுவும் கண்ணில் பட்டால் எழுதித் தரச் சொல்லி நிர்வாகம் சொல்லியிருந்தது. வார்டின் நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினேன். மதப் பிரசாரம் என்பதற்கு 'ப்ராப்பகேஷன்' என்று ஒரு பெரிய சொல்லைப் போட்டேன். அதற்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் யாரையோ கேட்டேன்.

மேட்ரன் எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். பழனிச்சாமி கேட்டதைத்தான் படித்தேன், அவர் எழுதின அட்டை தலையணைக்கு அடியில் இருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறார். நோயாளியைக் கேட்க வழியில்லை. நாலு மணிக்கு ரத்தம் கசிந்து, மயக்க ஊசி போட்டிருந்தார்கள். மேட்ரன் என்னிடம், "நீயே போய்ப் பாருப்பா" என்றார்.

பார்த்தேன். அட்டை இருந்தது. கோணல் கையெழுத்து, முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கிருத்திகைக்குக் கிருத்திகை அப்பா பாடும் பாட்டு. அதை மேட்ரனிடம் கொடுத்தால் என் கடிதம் பொய்யாகிவிடும். கட்டில் ஓரத்தில் கழிவுக்கு வைக்கும் மஞ்சள் பை இருந்தது. மடித்து அதில் போட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க மேடம்" என்றேன்.

ஐந்தரைக்கு எஸ்தர் அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஆறு மணிக்கு, லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்த மூர்த்தியிடம், "விசிட்டிங் டைம் முடிஞ்சுதுங்க" என்று சொன்னதும் நான்தான். மறுநாள் விடிந்ததும் பழனிச்சாமி இறந்துபோனார். அடுத்த மாதம் நான் பொறுப்பு நர்ஸ். அடுத்த வருடம் இங்கிலாந்து.

நிலா ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "நீ அந்தக் கதையை என் ஸ்கூல்லகூட வந்து சொன்னியே அப்பா" என்றாள். ஆமாம். அதை நான் மறந்திருந்தேன். வீடு வந்ததும் முன்னால் இறங்கிப் போய்விட்டாள்.

5

எஸ்தர் அக்கா எங்கே இருக்கிறார் என்று ருக்மணியக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய பனியன் கம்பெனி, அதன் முதலுதவி அறையில் வேலை. மறுநாள் காலை போனேன். கேட்டில் பெயர் எழுதி, போனை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் 'விசிட்டர்' அட்டை மாட்டி உள்ளே விட்டார்கள்.

தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார், தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"கந்தவேல் தம்பியா? இருங்க, இந்தப் பிள்ளைய அனுப்பிட்டு வாரேன்."

அந்தப் பெண் போனாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, அன்னைக்கு எழுதிக் குடுத்தது நானுங்க."

"தெரியும் தம்பி."

"தெரியுமுங்களா?"

"மேட்ரன் அதை எனக்கு வாசிச்சுக் காமிச்சாவ. ப்ராப்பகேஷன்னு ஒரு வார்த்தை இருந்துச்சுல்லா. அதுக்கு அரைமணி நேரம் முன்னாலதான் நீங்க எங்கிட்ட ஸ்பெல்லிங் கேட்டிய. நாந்தான் ஒவ்வொரு எழுத்தா சொன்னேன்."

யாரையோ கேட்டேன் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரை என்பது என் மண்டைக்குள் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இப்போது அந்த நர்ஸ் ஸ்டேஷன் கவுன்ட்டரும், அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் எழுத்துச் சொன்னதும் கண்முன் வந்து நின்றது. உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தன் கதையைக் கோபமில்லாமல் சொன்னார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அந்தப் பேச்சு போயிருந்தது. இரண்டு வருடம் எங்கேயும் எடுக்கவில்லை. இதே மாதிரி ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்று பனியனில் நூல் பிசிறு வெட்டினார். ஒரு நாள் அங்கே ஒரு பெண் வலிப்பு வந்து விழ, இவர் ஓடிப்போய்ப் பார்த்தார். அதற்கப்புறம்தான் இவர் நர்ஸ் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

"ஒண்ணுதான் தம்பி எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அட்டைய நான் தலைகாணிக்கடியிலதான் வச்சேன். அது எங்க போச்சு?"

சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வெளியே மெஷின் சத்தம். "மறுபக்கம் வாசிச்சியளா?" என்றார்.

"மறுபக்கமுங்களா?"

"முன்பக்கம் சாமிப் பாட்டு. மறுபக்கம் அவரு மவனுக்கு எழுதுனது. மூணு மணிக்கு எழுதி எங்கையில குடுத்தாரு. சாயங்காலம் மவன் வந்து நிக்கும்போது குடுக்கணும்னு சைகை காமிச்சாரு. அதுக்குள்ள மேட்ரன் கூப்பிட்டாவ. பத்திரமா இருக்கட்டும்னு தலைகாணிக்கடியில வச்சிட்டுப் போனேன்."

நான் திருப்பிப் பார்க்கவில்லை. மடித்துப் போட்டேன், அவ்வளவுதான்.

"பதினாறாம் நாளு காரியத்துக்கு அவிய வீட்டுக்குப் போனேன், வாயாலயாவது சொல்லிருவோம்னு. வேதக்காரப் பொம்பள இங்கயும் வந்துட்டாளான்னு கேட்டுட்டு வாசல்லயே வச்சு அனுப்பிட்டாவ. அதுக்கு மேல எம்பேச்சை யாரு நம்புவா?"

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"அதை நான் கர்த்தர்கிட்டப் பேசிக்கிடுதேன். அதுல உங்களுக்கு வேலையில்ல. நீங்க மூர்த்திகிட்டப் போய்ச் சொல்லணும், அட்டைய என்ன செஞ்சேன்னு. எழுதியிருந்தது என்னன்னு நான் சொல்லுதேன். ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு வாரேன்."

என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"உங்களுக்கு எழுதலையே தம்பி" என்றார்.

6

நடுவில் ஒரு நாள் இருந்தது. அந்த நாளில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை தமிழில். பதினெட்டு வருடத்துக்கு முன் நான் கொடுத்த புகார் பொய், சாட்சியத்தை அழித்ததும் நானே, எஸ்தர் அவர்கள் மீது எந்தத் தவறும் இல்லை என்று அவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிர்வாகம் பார்க்கும் அந்த மருமகள் படித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், அந்த ஃபைலே இப்ப இல்லீங்க. பழைய பில்டிங் இடிக்கும்போது எல்லாம் போயிருச்சு. இல்லாத ஃபைலுக்கு நான் எப்படி லெட்டர் தர்றது? மாமாவும் இல்லை, மேட்ரனும் இல்லை. விடுங்க சார். உங்க கிளாஸ் ரொம்ப நல்லாயிருந்ததுன்னு பிள்ளைங்க சொன்னாங்க."

கடிதத்தைத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது அங்கே எத்தனை நாள் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு கீழே போய், பணியில் இருந்த நர்ஸ்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஆறு பேர் இருந்தார்கள். அன்றைக்கு எழுதிக் கொடுத்தது நான் என்றேன். முன்வரிசையில் சிரித்த பெண்ணும் அதில் இருந்தாள். ருக்மணியக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு முன்பே தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

7

மூர்த்தி தாராபுரம் ரோட்டில் ஒரு ஷெட்டில் தையல் யூனிட் வைத்திருக்கிறார். இருபது மெஷின். ஆர்டர் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. பீகார்ப் பையன்கள் இந்திப் பாட்டு போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். செக்கிங் மேசையில் மூர்த்தியின் மனைவி செல்வி.

மூர்த்திக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றார். எஸ்தர் அக்காவுக்கு ஃபேன் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். யாரென்று தெரியாமலே தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊர் மரியாதை அது.

"நானு உங்கய்யன் இருந்த ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தனுங்க" என்று தொடங்கினேன். இங்கிலாந்து வகுப்புகளில் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று நான் பாடம் நடத்துகிறேன். எதிரில் உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். புகாரை, அட்டையை, மஞ்சள் பையை. அவர் லிஃப்ட் பக்கம் நின்றதை, நேரம் முடிந்துவிட்டது என்று நான் அவரை அனுப்பியதை.

நான் முடித்ததும் மூர்த்தி எஸ்தர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அதுல என்னுங்க எழுதியிருந்துச்சு?"

எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பழனிச்சாமி எழுதியபடியே, எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே சொன்னார்.

"மூர்த்தி, நீ தெனமும் வந்து வெளிய நிக்கறது எனக்குத் தெரியுஞ்சாமி. உள்ள வா. மருமகளையும் கூட்டிட்டு வா."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். மூர்த்தி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

"செல்வி" என்று கூப்பிட்டார். அந்தம்மா கையில் பனியனோடு வந்து நின்றார். "இவங்க சொல்றதைக் கேளு" என்றவர் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றார்.

நின்றேன். கதவு ஓரமாக, கட்டிப் போட்ட துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில். பீகார்ப் பையன்களையும் டீக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது யாரென்று பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே முதலில் எஸ்தர் அக்காவின் குரல். பிறகு ஒரு பெண் அழும் சத்தம். பிறகு ஆண் அழும் சத்தம். அதற்கப்புறம் அக்கா மெதுவாகப் பாடியது கேட்டது. அந்தப் பாட்டு முழுதும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. எனக்குத் தெரிந்த பாட்டு. உள்ளே போய்ச் சேர்ந்து பாட எனக்கு உரிமை இருக்கவில்லை.

அரை மணி கழித்து மூர்த்தி வெளியே வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் சாதாரணமாகத்தான் பேசினார்.

"சிஸ்டரு எங்களோட சாப்பிட்டுட்டு வருவாங்க. நான் கொண்டுபோய் ஊட்ல விட்டுக்கறேன்."

"சரிங்க."

உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"நீங்க போங்க" என்றார்.

திருப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். கடன்காரனை, சண்டைக்காரனை, கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்றவனைக்கூட எங்கள் ஊரில் 'போயிட்டு வாங்க' என்றுதான் அனுப்புவார்கள். என்னிடம் யாரும் வெறும் 'போங்க' சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் அவர் மரியாதையாகவே சொன்னார்.

நான் போனேன்.